கிளட்ச் இல்லாத லாரி: பெங்களூர் ரூட் டிரைவர்கள் கேட்கும் கேள்விகள்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கமிருந்து வந்து பெங்களூரில் லோடு எடுக்கிற நம்ம ஆட்களுக்கு இப்போது புது வண்டி என்றால் பாதி நேரம் கிளட்ச் பெடல் இல்லாத வண்டிதான் கையில் வருகிறது. நானும் பல வருஷம் மேனுவல் ட்ரெய்லர் ஓட்டியவன்தான். இப்போது பொம்மசந்திரா பக்கம் ஒரு யார்டில் புது டிரைவர்களுக்கு இந்த வண்டிகளைப் பழக்கிவிடும் வேலை. டீக்கடையிலும் யார்டிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன், பதில்கள் என் அனுபவத்திலிருந்து. எல்லாக் கம்பெனி வண்டியும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் பட்டன் எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

அண்ணே, பெங்களூர் சிட்டி வோல்வோ பஸ்ஸில் இருக்கிற அதே ஆட்டோமேட்டிக்தானே இது?

இல்லை. 2006ல் இருந்து பெங்களூரில் ஓடுகிற அந்த சிவப்பு வோல்வோ சிட்டி பஸ்ஸில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் வைத்த முழு ஆட்டோமேட்டிக். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் கிடையாது, எண்ணெய் சுழன்றுதான் சக்தியைக் கடத்துகிறது. பிரேக்கை விட்டால் தானாக மெல்ல ஊர்ந்து போகும், நின்று நின்று போனாலும் தேய்வதற்கு அங்கே பிளேட் இல்லை.

நம்ம ட்ரெய்லரிலும் டிப்பரிலும் பெரும்பாலும் வருவது ஏஎம்டி, அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன். உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த அதே பல்சக்கர கியர் பாக்ஸ், அதே உலர் கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். கிளட்ச்சை மிதிக்கிற கால் நம்முடையது இல்லை, கியரைத் தள்ளுகிற கை நம்முடையது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இரண்டு வேலையையும் காற்றழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர்கள் செய்கின்றன, எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் சொல்கிறது. வோல்வோ லாரியின் ஏஎம்டியான ஐ-ஷிப்ட் 2001ல் வந்தது, ஸ்கானியாவின் ஆப்டிக்ரூஸ் அதற்கும் முன்னாலேயே 1996ல். அந்த முதல் ஆப்டிக்ரூஸில் கிளம்பவும் நிற்கவும் மட்டும் கிளட்ச் பெடல் இருந்தது, பிறகுதான் அதையும் எடுத்தார்கள். 12 கியர் என்று சொல்வது மூன்று அடிப்படை கியரை ஸ்பிளிட்டர் என்ற துணைக் கியரால் இரண்டாக்கி, ரேஞ்ச் என்ற இன்னொரு துணைக் கியரால் மறுபடி இரண்டாக்கிய கணக்கு.

இதை ஏன் முதலிலேயே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கீழே வரப்போகிற பாதி பிரச்சினை இதில்தான் இருக்கிறது. உள்ளே கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடல் இல்லை என்பதற்காக பிளேட்டும் இல்லை என்று நினைத்து ஓட்டுகிறவர்கள்தான் சீக்கிரம் பிளேட்டை எரிக்கிறார்கள்.

இதற்குத் தனி லைசென்ஸ் எடுக்கணுமா?

இந்தியாவில் வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான். லாரிக்கு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் இருந்தால் போதும். அமெரிக்காவில் கதையே வேறு, ஆட்டோமேட்டிக் லாரியில் டெஸ்ட் கொடுத்தால் மேனுவல் லாரி ஓட்டக்கூடாது என்று லைசென்ஸில் 'இ' என்ற கட்டுப்பாட்டைப் போட்டுவிடுவார்கள். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி பண்ணுகிற தம்பிகள் அந்தந்த நாட்டு விதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் வாரம் எதுதான் ரொம்பப் படுத்தும்?

இடது கால். சந்தேகமே வேண்டாம்.

இருபது வருஷம் மேனுவல் ஓட்டிய கால் சும்மா இருக்காது. சிக்னல் வருகிறது, வேகம் குறைகிறது, உங்களைக் கேட்காமலே இடது கால் போய் கிளட்ச்சைத் தேடும். அங்கே கிளட்ச் இல்லை, பக்கத்தில் அகலமாக பிரேக் பெடல் இருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கிற பலத்தோடு ஏர் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி அந்த இடத்திலேயே நட்டுக்கொண்டு நிற்கும், கிளீனர் கண்ணாடியில் முட்டிக்கொள்வார், பின்னால் வருகிற பைக்காரன் பாடு திண்டாட்டம். யார்டில் வைத்துப் பழக்கும்போது இதைப் பார்க்காத நாளே இல்லை, எவ்வளவு சீனியர் டிரைவராக இருந்தாலும் முதல் நாள் இது ஒரு தடவையாவது நடக்கும்.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். சீட்டில் உட்கார்ந்ததும் இடது காலைப் பின்னுக்கு இழுத்து, சீட்டுக்குக் கீழே குதிகால் படும்படி வைத்துவிடுங்கள். முன்னால் ஃபுட்ரெஸ்டில் வைத்தால் மறுபடி தேடும். காலி வண்டியில், காலி இடத்தில், நிறுத்திக் கிளம்பி நிறுத்திக் கிளம்பி அரை நாள் பழகிவிட்டுத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். ஓனருக்கு அவசரம் என்று சாவியை வாங்கி நேராக ஓசூர் ரோட்டில் ஏற்றாதீர்கள்.

ஏத்தத்தில் லோடோடு நின்றால் வண்டி பின்னால் வருகிறதே?

மேனுவலில் நாம் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்துவைத்து, பிளேட் பிடிக்கிற இடத்தைக் காலிலேயே உணர்ந்து, அப்புறம் ஹாண்ட் பிரேக்கை விடுவோம். அந்த உணர்வு இங்கே நமக்கு இல்லை. ஆக்சிலேட்டர் கொடுத்த பிறகுதான் கம்ப்யூட்டர் கிளட்ச்சைச் சேர்க்கும். இடைப்பட்ட அந்த நொடியில் 55 டன் ட்ரெய்லர் கொஞ்சம் பின்னால் உருளப் பார்க்கும், நெஞ்சு பக்கென்று ஆகும்.

பல வண்டிகளில் ஹில் ஹோல்டு இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு நொடி பிரேக்கைப் பிடித்துவைத்திருக்கும், அதற்குள் ஆக்சிலேட்டருக்குக் கால் போய்விட வேண்டும். ஆக்சிலேட்டரைத் தட்டித் தட்டிக் கொடுக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள், தட்டினால் சேர்ப்பதா விடுவதா என்று அதுவும் குழம்பும். ஹில் ஹோல்டு இல்லாத வண்டியிலோ, ரொம்ப செங்குத்தான இடத்திலோ பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுக்கிறது என்று சீட்டில் தெரிந்ததும் பிரேக்கை விடுவதுதான் நல்லது. நம்ம பழைய வித்தையேதான், கிளட்ச் மட்டும் இல்லை.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. மேம்பாலத்து ஏத்தத்தில் டிராபிக்கில் நிற்கும்போது பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக அழுத்தியே வண்டியை ஒரே இடத்தில் தாங்கிப் பிடிப்பது. ஹெப்பால் மேம்பாலத்தில் இதைச் செய்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் முழுக்க பிளேட் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு உரசுகிறது. கொஞ்ச நேரத்தில் மீட்டரில் கிளட்ச் சூடு என்று எச்சரிக்கை வரும், அப்புறம் கருகிய வாசம் வரும், வாசம் வந்த பிறகு பாதி வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

தொப்பூர் இறக்கத்தில் இதை நம்பலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பேசுவேன்.

பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு தொப்பூரைப் பற்றி விளக்க வேண்டாம். தருமபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போய் முன்னால் போகிற கார்களை வாரிச் சுருட்டிய லாரிகள் எத்தனை. அதில் நிறைய வண்டிக்கு பிரேக் முதலிலேயே கெட்டுப்போகவில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, வேகம் ஏற ஏற பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, லைனரும் டிரம்மும் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்ததுதான் காரணம்.

முதலில் அந்த நியூட்ரல் கணக்கைப் பார்ப்போம். இப்போது வருகிற காமன் ரெயில் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றும், டீசல் ஊசி முழுசாக மூடிக்கொள்ளும். அதாவது டீசல் செலவு பூஜ்ஜியம். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஐடிலில் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். ஆக, கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவன் உயிரையும் பணயம் வைத்து டீசலையும் கூடுதலாக எரிக்கிறான். பழைய பம்ப் இன்ஜின் காலத்துப் பேச்சை பிஎஸ்6 வண்டியில் பேசக்கூடாது.

சரி, ஏஎம்டி என்ன செய்யும்? அதற்கு சரிவு தெரியும், லோடு எவ்வளவு என்று தெரியும், வேகம் தெரியும். முன்னால் வளைவு இருக்கிறது, வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு டேங்கர் ஊர்ந்து போகிறது என்று தெரியாது. அது இப்போது இருக்கிற நிலைமைக்குக் கியர் போடும், அடுத்த அரை கிலோமீட்டருக்கு அல்ல. ஆட்டோவில் விட்டுவிட்டு இறங்கினால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சில வண்டிகள் 'இவருக்கு மிதந்து போகணும் போல' என்று நினைத்து மேல் கியருக்கே போய்விடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

அதனால் நான் பழக்குவது இப்படி. பாளையம் டோல் தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாலேயே, சமதளத்தில் இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். லிவரை மேனுவலுக்குத் தள்ளுங்கள், அதாவது கியரை நாமே பட்டனால் போடுகிற மோடுக்கு. லோடுக்குத் தகுந்த கியரை நீங்களே இறக்கிப் போட்டு அங்கேயே பூட்டிவையுங்கள். எந்தக் கியர் என்று கேட்டால், அந்தக் கியரில் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறுவதை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிப்பது) மட்டும் போட்டு, கால் பிரேக்கைத் தொடாமலே வேகம் ஏறாமல் நிற்கிறதா, அதுதான் கியர். நிற்கவில்லை என்றால் இன்னும் ஒன்று கீழே. ஆனால் வேகம் ஏறிய பிறகு கீழே இறக்கப் பார்த்தால் அது மறுக்கும், ஏனென்றால் ஆர்பிஎம் எல்லை தாண்டி இன்ஜின் சிதறிவிடக்கூடாது என்று அதற்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்ப்பீர்கள், கியர் விழாது. அந்த நேரத்தில் கால் பிரேக்கைப் பலமாக மிதித்து வேகத்தை இறக்கி, பிறகு கியரை இறக்க வேண்டும். அந்த நிலைமைக்கே வராமல் இருப்பதுதான் விஷயம்.

இன்னொன்று, இன்ஜின் இரைச்சலைக் கேட்டு பயப்படாதீர்கள். மேனுவல் வண்டியில் ஆர்பிஎம் ஏறினால் ஓனர் திட்டுவார் என்று பழகியிருப்போம். எக்ஸாஸ்ட் பிரேக்கும் இன்ஜின் பிரேக்கும் உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் நன்றாகப் பிடிக்கும், 1200ல் வைத்துக்கொண்டு பிடிக்கவில்லை என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. மீட்டரில் சிவப்புக்குக் கீழே எவ்வளவு வரை போகலாம் என்று உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும். இறக்கத்தில் கத்தினால் கத்தட்டும், அப்போது டீசல் குடிக்கவில்லை.

கால் பிரேக் தேவைப்பட்டால் பலமாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே இரட்டைப் பாலம் வரை வந்தால் டிரம்மில் கை வைக்க முடியாது.

சகலேஷ்புர் தாண்டி சிராடி மலைப்பாதையில் மங்களூர் பக்கம் இறங்குகிறவர்களுக்கும் இதேதான், மழையில் மட்டும் கூடுதலாக ஒரு எச்சரிக்கை: காலி ட்ரெய்லரில் வழுக்கும் ரோட்டில் எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சட்டென்று முழுசாகப் போட்டால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி மடங்கப் பார்க்கும். படிப்படியாகப் போடுங்கள்.

அப்படியென்றால் சில வண்டியில் 'எக்கோ ரோல்' என்று அதுவே நியூட்ரலுக்குப் போகிறதே, அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி, உஷாரான ஆள்தான் கேட்பார். கிருஷ்ணகிரி பக்கம் நாலு வழிச் சாலையில் வருகிற மாதிரி மிக லேசான இறக்கத்தில், கியரில் இருந்தால் இன்ஜின் இழுத்து வேகம் குறையும், மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் நியூட்ரலில் மிதந்தால் லாபம். அதை அது அளந்து செய்கிறது, வேகம் வரம்பைத் தாண்டினாலோ பிரேக்கைத் தொட்டாலோ உடனே கியரைச் சேர்த்துவிடும். கணவாயில் அது வேலை செய்யக்கூடாது, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டிருந்தால் செய்யாது.

டிராபிக்கில் சுகம்தானே?

சுகம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நைஸ் ரோட்டிலிருந்து இறங்கி துமகூர் ரோட்டில் நெலமங்கலா வரை ஊர்கிற ராத்திரியில் மேனுவல் டாரஸ் லாரியில் கிளட்ச் மிதித்தவர்களுக்குத் தெரியும், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் இடது முட்டி மடங்காது. நாற்பது தாண்டிய டிரைவர்கள் பல பேர் இந்த ஒரு காரணத்துக்காகவே மேனுவலுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் ஊர்வதில் ஒரு முறை இருக்கிறது. முன்னால் இருக்கிற வண்டி இரண்டடி நகர்ந்தால் நாமும் இரண்டடி நகர்வது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் பிளேட் உரசிச் சேர்ந்து, உரசிப் பிரிகிறது. கொஞ்சம் இடம் விடுங்கள். மூன்று நான்கு வண்டி நீளம் இடம் கிடைத்ததும் ஒரே தடவையாகக் கிளம்பி, கிளட்ச் முழுசாகச் சேர்ந்து முதல் கியரில் ஊர்ந்து போய் நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோக்காரன் மூக்கை நுழைப்பான், நுழையட்டும். பெங்களூரில் அதற்கெல்லாம் கோபப்பட்டால் ஊர் போய்ச் சேர முடியாது.

நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளி பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். 'டி'யில் வைத்துவிட்டு போனைப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், கால் நழுவி ஆக்சிலேட்டரில் பட்டால் முன்னால் இருக்கிறவன் காலி.

மைலேஜ் உண்மையிலேயே கூடுமா, இல்லை விற்பதற்குச் சொல்கிறார்களா?

யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. நல்ல கைக்காரர் மேனுவலில் எடுக்கிற மைலேஜை ஏஎம்டி பெரிதாகத் தாண்டிவிடாது. சில இடங்களில் அவர்தான் ஜெயிப்பார், ஏனென்றால் முன்னால் மேடு வருவதைக் கண்ணால் பார்த்துக் கியரைத் தயார் செய்வார். ஆனால் ஒரு ஓனரிடம் பத்து டிரைவர் இருந்தால் பத்து பேரும் அப்படி இருக்க மாட்டார்கள். ஆர்பிஎம்மை 2000க்கு ஏற்றி கியர் மாற்றுகிறவர், எட்டாவதிலேயே இழுத்துக்கொண்டு போகிறவர் எல்லாம் இருப்பார்கள். அந்த ஆட்களின் டீசலை இது மிச்சப்படுத்தும். அதனால்தான் ஓனர்களுக்குப் பிடிக்கிறது.

இங்கே டிரைவருக்கு ஒரு சிக்கல் உண்டு. புது வண்டிகளில் ஆர்பிஎம், திடீர் பிரேக், ஐடிலில் நின்ற நேரம் எல்லாம் ஓனரின் போனுக்கே போகிறது. மைலேஜ் குறைந்தால் டிரைவரின் படிக்காசில் பிடிக்கிற வழக்கம் உள்ள இடங்களில், 'கியரை வண்டிதானே போட்டது, என்னை ஏன் பிடிக்கிறீர்கள்' என்று டிரைவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. லோடு, ரூட், எதிர்க்காற்று, டயர் ஏர் எல்லாம் பார்க்காமல் வெறும் நம்பரை வைத்துக் கூலி பிடிப்பது தப்பு என்பதுதான் என் கருத்து, ஓனர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: பவர் மோடைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மேடு ஏறியதும் எக்கோவுக்கு வந்துவிடுங்கள்.

மேட்டில் நடுவழியில் கியரைத் தேடி முழிக்கிறதே?

ஓவர்டேக் பண்ணும்போதும் லோடு ஏத்தத்திலும் இது நடக்கும். மேல் கியர் போடும், வேகம் விழும், உடனே கீழே போடும், மறுபடி மேலே. ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை ஒரு நொடி அறுந்து வண்டி இன்னும் தளரும். மேடு தெரிந்ததும் மேனுவலுக்கு வந்து ஒரு கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், உச்சி தாண்டியதும் ஆட்டோ. ஆக்சிலேட்டரை அடி வரை, அந்தக் கடைசிக் 'கிளிக்' தாண்டி மிதித்தால் பல வண்டிகளில் கிக்டவுன் ஆகி கீழ்க் கியர் வரும். ஆனால் எதிரே வண்டி வரும்போது அதை நம்பி ஓவர்டேக் எடுக்காதீர்கள், கியர் விழ எடுத்துக்கொள்கிற அந்தத் தாமதம் இருவழி ரோட்டில் ரொம்பப் பெரிய தாமதம்.

குடோனில் டாக்குக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது குதிக்கிறது. என்ன பண்ண?

வெளிநாட்டு டிரைவர்களும் காலங்காலமாகப் புலம்புகிற விஷயம் இது. அமெரிக்காவில் 18 கியர் ஈட்டன் ஃபுல்லர் ஓட்டிப் பழகியவர்கள் ஏஎம்டியைத் திட்ட ஆரம்பித்தால் முதலில் வருவது ரிவர்ஸும் பனிரோடும்தான். அங்குலம் அங்குலமாக நகர்த்த ஹாஃப் கிளட்ச் மாதிரி ஒன்று கிடையாது.

உங்கள் வண்டியில் மெதுவாக நகர்த்தும் மோடு இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் ஆமைப் படம் போட்ட பட்டன் இருக்கும். அதில் ஆக்சிலேட்டரை நிறைய அழுத்தினாலும் கொஞ்சமாகத்தான் போகும். அது இல்லையென்றால், ஒரு தடவை லேசாகக் கொடுத்து கிளட்ச் சேர்ந்ததும் காலை எடுத்துவிட்டு ஐடிலிலேயே போகவிட்டு, வேகத்தை பிரேக்கில் மட்டும் கட்டுப்படுத்துங்கள். வைட்ஃபீல்டு கன்டெய்னர் டிப்போவில் ஒரு சீனியர் இப்படி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், கால் பிரேக்கில்தான் இருந்தது, ஆக்சிலேட்டர் பக்கம் போகவே இல்லை, ரப்பர் பம்பரில் பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

முன்னாலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது வண்டி முழுசாக நிற்கட்டும். உருண்டுகொண்டிருக்கும்போதே லிவரைத் திருப்பினால் கியர் சேராது, பீப் அடித்துக்கொண்டிருக்கும்.

குவாரி, சேறு?

ஏஎம்டி சேற்றில் கொஞ்சம் சிரமம்தான். சக்கரம் மாட்டினால் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிற வேலையை மேனுவலில் கிளட்ச்சால் செய்வோம், இங்கே அதற்கென்று தனி மோடு இருந்தால்தான் உண்டு. ஏஎம்டியில் மேனுவல் மோடுக்கு வந்து இரண்டாவது கியரைப் பூட்டி, டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்றவைப்பது) போட்டு, நிற்காமல் தாண்டிவிடுங்கள், நடுவில் கியர் மாற்றினால் இழுவை அறுந்து நின்றுவிடும். முழு நேரமும் சுரங்கத்தில் ஓடுகிற வண்டி என்றால் ஆலிசன் கம்பெனியுடையது மாதிரி டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸ்தான் பொருத்தம், விலை அதிகம்.

வழியில் நின்றுவிட்டால் நம்ம மெக்கானிக் கை வைப்பாரா?

கியர் பாக்ஸின் பல்சக்கரங்களில் வைப்பார். கம்ப்யூட்டரிலும் ஆக்சுவேட்டரிலும் பெரும்பாலும் மாட்டார். கிளட்ச் பிளேட் மாற்றினால்கூட, மாற்றியபின் லேப்டாப் போட்டு புது பிளேட் எங்கே பிடிக்கிறது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கிளம்பும்போது உதறும்.

ஆனால் 'கியர் விழவில்லை' என்று வருகிற போன்களில் நிறைய சில்லறைக் காரணம்தான். ஏர் முழுசாக ஏறியிருக்கிறதா? காற்றழுத்தம் குறைவாக இருந்தால் ஆக்சுவேட்டர் நகராது, எங்கேயோ ஏர் லீக் இருந்தால் காலையில் இதுதான் முதல் அறிகுறி. பேட்டரி டெர்மினல் இறுக்கமாக இருக்கிறதா? வோல்டேஜ் விழுந்தால் கம்ப்யூட்டர் குழம்பும். பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் கியர் போடுகிறீர்களா? இதெல்லாம் பார்த்து, வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அப்படியும் எச்சரிக்கை நிற்கவில்லை என்றால் சர்வீஸுக்குக் கூப்பிடத்தான் வேண்டும், மீட்டரில் வருகிற எரர் கோடு நம்பரை போனில் படம் எடுத்து வையுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இதில் நடக்காது. கட்டி இழுக்க வேண்டி வந்தால் கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டின் ஜாயிண்டைக் கழற்றாமல் இழுக்கவிடாதீர்கள், இன்ஜின் ஓடாதபோது பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது. நாமக்கல்லில் பாடி வேலைக்கு விட்டு வெல்டிங் வைக்கிறவர்கள் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் போனால் வெல்டிங் கூலியைப் போல பல மடங்கு போகும். வாட்டர் சர்வீஸில் கியர் பாக்ஸ் மேலே இருக்கிற கனெக்டர்களில் நேராக பிரஷர் தண்ணீர் அடிக்கவும் விடாதீர்கள்.

தூக்கம் வருகிறது அண்ணே, கியர் மாற்ற வேலையே இல்லை.

இது உண்மை. 2025ல் இருந்து தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபினும் கட்டாயமாகிவிட்டது, சீட்டும் நன்றாக இருக்கிறது, கை கால் சும்மா இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்பூர் தாண்டும்போது கண் தானாக மூடும். மேனுவலில் கியர் போட்டு முழித்திருந்தோம் என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சின்ன வாக்குவாதம் உண்டு, அப்போதும் தூங்கித்தான் விழுந்தோம், உடம்பு இன்னும் களைத்திருந்தது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றுதான் சொன்னது. வண்டி லேசானதால் இன்னும் நாலு மணி நேரம் ஓட்டலாம் என்று ஓனர் கணக்குப் போட்டால் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கியர் போடவே தெரியாத பசங்களும் இனி டிரைவர் என்று வருவார்களே?

வரட்டும் என்பேன். டபுள் கிளட்ச் போட்டுப் பழகிய நமக்கு வருத்தம் இருக்கும், எனக்கும் இருக்கிறது, சத்தத்தை வைத்தே கியர் போட்ட பெருமை லேசில் போகாது. ஆனால் ஆள் கிடைக்காமல் வண்டிகள் யார்டில் நிற்கிற காலம் இது. அந்தப் பசங்களிடம் குறையாக நான் பார்ப்பது, இறக்கத்தில் எந்தக் கியர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, வண்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் அவர்களைப் பழக்கும்போது நான் மேனுவல் மோடிலேயே ஓட்டவைக்கிறேன். பட்டனால்தான் கியர் போட வேண்டும், எப்போது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். சத்தம் காதில் ஏறிய பிறகுதான் ஆட்டோவில் விடுவேன்.

ஒரே வண்டி வைத்திருக்கிற சின்ன ஓனர் வாங்கலாமா?

உங்கள் ரூட்டில் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்று பாருங்கள். பெங்களூர்–சென்னை, பெங்களூர்–மும்பை மாதிரி ஹைவே என்றால் தைரியமாகப் போகலாம். உள்ளூர் குவாரி, கிராமத்து ரோடு, வண்டியைச் சொந்தமாக ஐந்தாறு வருஷம் ஓட்டி விற்கிற எண்ணம் என்றால் மேனுவல் இன்னும் மோசமில்லை. செகண்ட் ஹாண்ட் ஏஎம்டி வாங்கும்போது லோடு வைத்து ஏத்தத்தில் கிளம்பிப் பாருங்கள், உதறுகிறதா, கருகல் வாசம் வருகிறதா என்று. காலி வண்டியில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

மறுபடி மேனுவல் வண்டி கொடுத்தால் ஓட்ட வருமா?

வரும், ஒரு நாள் தடுமாறும். சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் மிதிக்க மறந்து வண்டி குலுங்கி அணையும், பின்னால் ஹார்ன் அடிப்பான். ஏத்தத்தில் கைதான் அதிகம் ஏமாற்றும், லிவரைத் தொடாமலே கீழ்க் கியர் வரும் என்று காத்திருக்கும். இரண்டு வகை வண்டியும் வைத்திருக்கிற ஓனரிடம் வேலை செய்கிறீர்கள் என்றால், வண்டி மாறுகிற அன்று முதல் டிரிப்பே ராத்திரி லோடாக எடுக்காதீர்கள், காலையில் காலியாக ஒரு சுற்று ஓட்டிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.